தாங்கியில 82 எண்டே நிக்குது!

கொக்குவிலில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் சென்சர் ஒன்று பூட்டி, எத்தனை வீதம் தண்ணீர் இருக்கிறது என்று அம்மாவின் போன் முகப்பிலேயே தெரிய ஒரு விட்ஜெட் எழுதினேன். ஒரு போயா லீவில் முடியும் என்று தொடங்கினது, மூன்று வாரம் இழுத்தது.

முதலில் ஒரு சேர்விஸ், திரையில் ஒன்றும் காட்டாமல் பின்னால் ஓடும் பகுதி. நிமிடத்துக்கு ஒருமுறை அளவை எடுத்து விட்ஜெட்டுக்கு அனுப்பும். என் மேசையில், அப் திறந்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் விடிய அம்மா கூப்பிட்டா: "தம்பி, உது நேற்றிலயிருந்து 82 எண்டே நிக்குது, பைப்பில தண்ணி வரேல்ல."

அன்ட்ரொய்ட் 8 தொடக்கம், அப்பை மூடிக் கொஞ்ச நேரத்தில் பின்னணி சேர்விஸைச் சிஸ்டம் நிறுத்திவிடும். நோட்டிபிகேஷன் போட்டு முன்னணி சேர்விஸாக ஓட்டலாம்தான், ஆனால் தாங்கித் தண்ணீருக்காக நாள் முழுக்க ஒரு நோட்டிபிகேஷனா? விட்டேன்.

சரி, விட்ஜெட்டுக்கே உள்ள அப்டேட் இடைவெளியைப் பாவிப்போம் என்று பார்த்தால் அது 30 நிமிடத்துக்குக் குறையாது. பரவாயில்லை என்று, ஒன்அப்டேட் (விட்ஜெட்டைப் புதுப்பி என்று சிஸ்டம் தரும் அழைப்பு) வரும்போதெல்லாம் வேர்க்மனேஜரில், அதாவது பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் லைப்ரரியில், அளவை எடுக்கும் ஒரு ஒற்றைத்தடவை வேலையைப் போட்டேன். அங்கேதான் கூத்து. அப் செய்ததெல்லாம் பதிவாகும் லொக்கைத் திறந்தால் வேலை முடிய ஒன்அப்டேட், ஒன்அப்டேட் வர வேலை, நிற்காமல் ஓடுது, போன் அடுப்பு மாதிரிச் சுடுது. இரண்டு இரவு நான் எழுதின நிரலைத்தான் சந்தேகப்பட்டேன். விஷயம் என்னவென்றால், வரிசையில் வேலை ஒன்றும் மிச்சமில்லாவிட்டால் வேர்க்மனேஜர் தன் ரிசீவர் (சிஸ்டத்தின் அறிவிப்புகளைக் கேட்கும் பகுதி) ஒன்றை முடக்கி வைக்கும். அப் மாறிவிட்டது என்று சிஸ்டம் அதை எடுத்துக்கொண்டு விட்ஜெட்டை மறுபடி அப்டேட் பண்ணச் சொல்லும். ஒன்அப்டேட்டில் இருந்ததைத் தூக்கிவிட்டு, முதல் விட்ஜெட்டை முகப்பில் வைக்கும்போது வரும் ஒன்எனேபிள்டில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் தொடர் வேலையைப் போட்டேன். வரிசை வெறுமையாவதே இல்லை, சுற்றும் நின்றது. 15 தான் அங்கே ஆகக் குறைந்தது, போன் தூங்கினால் இன்னும் பிந்தும். தாங்கிக்கு அது காணும்.

இன்னொன்று. போனை அணைத்துப் போட்டால் ரிப்ரெஷ் பட்டன் செத்துக் கிடந்தது. பின்னணியிலிருந்து தண்ணீர் வீதத்தை மட்டும் நிரப்பி அனுப்பியிருந்தேன். முகப்பைக் காட்டும் லோஞ்சர் திரையைப் புதிதாகக் கட்டும்போது கடைசியாக வந்த ரிமோட்வியூஸை (விட்ஜெட் எப்படித் தெரியவேண்டும் என்று அப் அனுப்பும் விபரம்) மட்டும்தான் பார்க்கும், அதில் பட்டனுக்கு பென்டிங்இன்டென்ட், அதாவது அமத்தினால் என்ன செய்வது என்ற கட்டளை, இல்லை. இப்போது ஒவ்வொருமுறையும் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புகிறேன், எண்ணுக்குக் கீழே எடுத்த நேரத்தையும் போட்டு.

அம்மா இப்ப எண்ணைப் பார்க்க முதல் அந்த நேரத்தைத்தான் பார்க்கிறா.