எத்தனை பேரைத் தெரியும்?

எச்.ஐ.வி. ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க, ஊசியில் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு வாக்காளர் பட்டியல் போல ஒன்று கிடையாது. போலீஸிடம் இருப்பது நமக்கு உதவாது. சிகிச்சை மையத்துக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால், வராதவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஆய்வுக்கு அவர்கள்தான் முக்கியம்.

தெருவில் நிற்கும் பாலியல் தொழிலாளர்களுக்கு வேறு வழி உண்டு: பஸ் ஸ்டாண்ட், தியேட்டர் வாசல் என்று இடத்தையும், ஆள் கூடும் நேரத்தையும் பட்டியலிட்டு, அதில் குலுக்கல் போட்டு எடுப்பது. 2005-07 இல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் நடந்த பெரிய ஆய்வில் இந்த முறை இருந்தது. அதே ஆய்வு மணிப்பூர், நாகாலாந்தில் ஊசி போடுகிறவர்களைத் தேடியபோது கூப்பனுக்கு மாறியது. கூப்பன் முறை டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1997 இல் எழுதியது. முதலில் சிலரைப் பிடித்து, ஊசி போடும் தெரிந்தவர்களிடம் கொடுத்து அனுப்பச் சொல்லி ஆளுக்கு 3 கூப்பன். வருபவருக்கும் பணம், அனுப்பியவருக்கும் பணம்.

வடசென்னையில் நான் களப்பணி பார்த்ததும் இந்த முறையில்தான். பணம் என்றதும் கூப்பன் கைமாறியது, கையில் ஊசித் தழும்பே இல்லாத பையன்கள் வந்தார்கள். அதையாவது நாலு கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். என்னைப் படுத்தியது இன்னொரு கேள்வி: "ஊசி போடுறவங்கள்ல, நீங்களும் அவங்களும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க எத்தனை பேர்?"

மொத்தக் கணக்கும் இதில்தான் நிற்கிறது. நிறையப் பேரைத் தெரிந்தவரிடம் கூப்பன் எளிதாகப் போய்ச் சேரும். அதனால் கணக்கில் அவர் பதிலுக்கு எடை, அதாவது மதிப்பு, குறைவு. 40 பேர் என்றவரைவிட 4 பேர் என்றவருக்கு 10 மடங்கு எடை. ஆனால் பாதிப் பேர் யோசிக்காமல் "பத்து" என்பார்கள்.

ஐம்பது வயதிருக்கும் ஒருவர் "ரெண்டு" என்றார். எழுதிக்கொண்டேன். வெளியே டீக்கடையில் பார்த்தால், போகிற வருகிறவன் எல்லாம் அவருக்கு வணக்கம் வைக்கிறான்.

"என்னண்ணே, ரெண்டு பேர்னீங்க?"

"தெரிஞ்சவன்னா, நாளைக்கு நான் பூட்டா தூக்க வர்றவன் சார். அது ரெண்டு பேருதான்."

மறுநாளிலிருந்து கேள்வியை உடைத்தோம். பாலத்தடியில் எத்தனை பேர், ரயில்வே லைன் பக்கம் எத்தனை பேர், அதில் போன 30 நாளில் பார்த்தது எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ண வைத்தோம். எண்கள் தாறுமாறாக ஏறின.

"ரெண்டு" என்ற அவர் ஒருவரை மட்டும் கூப்பிட்டுத் திருத்துவது முறையில்லை என்றார்கள் ஆய்வை நடத்தியவர்கள். அதுவும் சரிதான். அவர் படிவத்தில் 2 அப்படியே இருக்கிறது.