மெத்தை என்னும் சொல்

புதிய மெத்தை வாங்கச் சென்றிருந்தபோது, ஆங்கில ‘மேட்ரஸ்’தான் தமிழில் ‘மெத்தை’ ஆயிற்று என்று கடையில் ஒருவர் என் மகளிடம் சொன்னார். ஒலி ஒத்திருப்பதால் இப்படி நம்புவோர் பலர் உண்டு. ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் உறவு கிடையாது. ‘மேட்ரஸ்’ அரபு மொழியிலிருந்து கிளைத்தது. அங்கே ‘தரஹ’ என்றால் எறிதல். ‘மத்ரஹ்’ என்றால் ஒன்றை எறிந்து போடும் இடம். தரையில் போட்டுச் சாயும் திண்டுக்கு ஆகிவந்த அந்தச் சொல், இத்தாலியமும் பழைய பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்தை அடைந்தது.

நம் மெத்தை பிறந்தது மென்மையிலிருந்து. திருப்பாவையின் 19ஆம் பாசுரத்தில், குத்துவிளக்கு எரிய, யானைத் தந்தத்தாலான கால்களை உடைய கட்டிலின்மேல் விரித்த படுக்கையை ‘மெத்தென்ற பஞ்ச சயனம்’ என்கிறாள் ஆண்டாள். அழகு, குளிர்ச்சி, மென்மை, நறுமணம், வெண்மை ஆகிய ஐந்தும் அமைந்த படுக்கை என்று அதற்கு உரை சொல்வார்கள். படுக்கைக்குச் ‘சயனம்’ என்ற வடசொல்லை எடுத்துக்கொண்டவள், உடம்பு அதில் புதையும் உணர்வுக்கு ‘மெத்தென்ற’ என்ற தமிழையே நாடியிருப்பது எனக்குப் பெரிதும் பிடித்த இடம். மலையாளத்தில் ‘மெத்த’ என்றால் நம் மெத்தையேதான். தெலுங்கில் ‘மெத்தன’ என்றால் மென்மை, ஆனால் படுக்கைக்கு அவர்கள் பெரிதும் வழங்கும் பெயர், விரித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த ‘பருபு’. கண்டிப்பில்லாத போக்கை நாம் ‘மெத்தனம்’ என்று கடிவதிலும் இதே மென்மைதான் இருக்கிறது.

‘மெத்தப் படித்தவர்’ என்னும்போது மட்டும் பொருள் மிகுதிக்குத் தாவிவிடுகிறது. மாடிக்கும் மெத்தை என்றே பெயர் வழங்கும் ஊர்கள் உண்டு. மேலே மிகுத்துக் கட்டியது என்ற கருத்தில்தான் ‘மெத்தை வீடு’ என்ற வழக்கு எழுந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். என் அப்பாயி அப்படித்தான் பேசுவார். அவருடைய திருமணச் சீரோடு வந்த இலவம்பஞ்சு மெத்தை, பஞ்சு இறுகித் தட்டையாகும்போதெல்லாம் வெயிலுக்குப் போகும். உச்சி வெயில் ஏறுமுன் அப்பாவைக் கூப்பிட்டு, “ஏய்யா, அந்த மெத்தையைத் தூக்கி மெத்தையில காயப் போடு” என்பார்.