நாய் வளத்தே பழக்கமில்லாத நாங்க ஒரு அடிபட்ட நாய தத்தெடுக்கலாமா வேணாமான்னு மூணு மாசம் யோசிச்சோம்

எங்க வீட்ல யாருமே நாய் வளத்தது கெடையாது. நான், வீட்டுக்காரர், எங்கம்மா, மூணு பேருதான். வேலூர் சத்துவாச்சாரில கீழ் போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம். நான் காட்பாடி பக்கம் ஸ்கூல் டீச்சர், காலைல எட்டு மணிக்குக் கெளம்பினா திரும்ப அஞ்சு ஆயிடும், அவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்ல ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு சொந்த ஊர் அணைக்கட்டு பக்கம், அங்க மாடு இருந்துச்சு கோழி இருந்துச்சு, நாய்னா அது தெருவுக்கு சொந்தம், மிச்ச சோறு போடுவாங்க, அவ்ளோதான்.

2025 ஆகஸ்ட் மொத வாரம், சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரேன், சர்வீஸ் ரோட்ல ஒரு செவலை நாய பைக்காரன் இடிச்சிட்டு நிக்காம போயிட்டான். பின்னங்கால் தொங்குது, கத்தக்கூட இல்ல, ரோட்டோரமா நகந்து நகந்து போவுது. ஒரு அக்கா ஆட்டோல வந்து எறங்குனாங்க, இந்த மாதிரி நாய்ங்கள தூக்கினு போய் வைத்தியம் பாத்து வீடு தேடிக் குடுக்கறவங்க. மொதல்ல வாய துணியால கட்டுனாங்க, எவ்ளோ சாதுவான நாயா இருந்தாலும் வலில கடிச்சிடும், அதனால கட்டாம தூக்கவே கூடாதுன்னு சொன்னாங்க. அப்புறம் கோணிய கீழ விட்டு ரெண்டு பேரா தூக்குனோம். ஒரு பக்கம் நான் புடிச்சேன். அந்த வெயிட்டு ரெண்டு நாளா கையிலயே இருந்துச்சு எனக்கு.

அந்த மாசம் டிவி பூரா நாய் பேச்சுதான். 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் டெல்லி பக்கம் தெரு நாய்ங்கள எல்லாம் புடிச்சி அடைக்க சொன்னாங்க, 22ஆம் தேதி அத மாத்தி, கருத்தடை பண்ணி தடுப்பூசி போட்டு புடிச்ச எடத்துலயே விடுங்க, வெறி புடிச்சதையும் ரொம்ப கடிக்கிற சுபாவம் உள்ளதையும் மட்டும் விடாதீங்கன்னாங்க. தத்து எடுக்கறவங்க எடுக்கலாம், ஆனா எடுத்தது திரும்ப தெருவுக்குப் போகாம பாத்துக்கணும்னும் அதுல இருந்துச்சு. எனக்கு மண்டைல நின்னது அந்த ஒரு வரிதான். ஆசையில எடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சி பாலாத்துப் பக்கம் வுட்டுட்டு வர ஆளுங்கள நானே பாத்திருக்கேன். நாம அப்படி ஆயிடக்கூடாதுன்னு பயம்.

அக்கா கிட்ட போன் நம்பர் வாங்கி வெச்சிருந்தேன். கால்ல கம்பி வெச்சி ஆப்பரேஷன் முடிஞ்ச போட்டோ அனுப்புனாங்க. அம்மா கிட்ட காட்டுனேன். அம்மா போட்டோவயே முழுசா பாக்கல. "அதெல்லாம் வோணாம்மா" அப்படின்னு எழுந்து போயிட்டாங்க. ராத்திரிதான் சொன்னாங்க. அம்மாவுக்கு ஒம்பது வயசுல நாய் கடிச்சி, அந்தக் காலத்து முறைப்படி தொப்புள சுத்தி 14 ஊசி போட்டிருக்காங்க, தெனம் ஒண்ணு, 14 நாளும் தாத்தா தோள்ல தூக்கினு பஸ் ஏறி போயிருக்கார். வயிறு வீங்கி கல்லு மாதிரி ஆயிடுமாம். இத்தினி வருஷத்துல இந்தக் கதைய எனக்கு முழுசா சொன்னதே இல்ல. இப்ப அந்த ஊசி கெடையாது, அது ஆட்டு மூளைலருந்து எடுத்த மருந்து, நம்ம நாட்ல எப்பவோ நிறுத்திட்டாங்க, இப்ப கைலதான் போடறாங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரில இலவசம், கடிச்ச அன்னிக்கி, அப்புறம் 3, 7, 28ஆம் நாள்னு வரும், அதுக்கும் முன்னாடி கடிபட்ட எடத்த ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். இதெல்லாம் அம்மாவுக்கு எடுத்து சொன்னேன், கேட்டுக்கினாங்க, பயம் மட்டும் அப்படியேதான் இருந்துச்சு. 60 தாண்டுனவங்க மனசுல ஒம்பது வயசுலருந்து இருக்கற பயத்த நாம பேசி எடுக்க முடியாது. பகல்ல வீட்ல தனியா இருக்கப்போறது அம்மா. அதனால அவங்க சரின்னு சொல்லாம நாய் வராதுன்னு நானும் அவரும் அன்னிக்கே பேசி முடிவு பண்ணிட்டோம்.

அவருக்கு குட்டி நாய் ஆசை. குட்டின்னா அம்மாவும் பயப்பட மாட்டாங்கன்னு அக்காவ கேட்டோம். அவங்க முடியவே முடியாதுன்னுட்டாங்க. ரெண்டு மாச குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேள சாப்பாடு, அடிக்கடி ஒண்ணுக்கு, பல்லு மொளைக்கிறப்ப கண்டதையும் கடிக்கும், தடுப்பூசி எல்லாம் முடியறதுக்குள்ள பார்வோங்கற வைரஸ் நோய் வந்தா ரத்தமா பேதி போயி ரெண்டு மூணு நாள்ல செத்துக்கூட போயிடும், நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா அத அந்தம்மா தலையிலதான் கட்டுவீங்க, அப்படின்னு நேராவே சொன்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு, ஆனா சரியான பேச்சு. மொத தடவ வளக்கறவங்களுக்கு வளந்த நாய்தான் நல்லதாம், சுபாவம் என்னன்னு ஏற்கனவே தெரிஞ்சிடும். செவலைக்கு ரெண்டு வயசு இருக்கும், கருத்தடை ஆயிடுச்சு (காதுல சின்னதா வெட்டிருப்பாங்க பாருங்க, அதான் அடையாளம்), ரேபிஸ் ஊசி போட்டாச்சு, ஆளுங்கள கண்டா பதுங்குமே தவிர பாயாது. சிட்டுன்னு பேரும் வெச்சிருந்தாங்க.

அக்கா கேட்ட கேள்விங்கதான் எங்கள உக்கார வெச்சி யோசிக்க வெச்சது. ஹவுஸ் ஓனர் ஒத்துக்குவாரா, எழுதி வாங்குனீங்களா. ஊருக்குப் போனா யாரு சாப்பாடு போடுவா. மே மாசம் அக்னி நட்சத்திரத்துல எங்க படுக்க வெப்பீங்க. வாசல் கேட் எவ்ளோ ஒசரம். ஒடம்பு முடியாம போச்சுன்னா திடீர்னு 5,000 ரூபா எடுக்க முடியுமா. நான் ஒரு நோட்டுல ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதுனேன். வேலூர் வெயில்தான் எனக்கு பெரிய கவலை, நாய்க்கு நம்மள மாதிரி ஒடம்பு பூரா வேர்க்காது, நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கிதான் சூட்ட தணிக்கும், தார் ரோடு காலு பொசுக்கிடும், பொறங்கைய ரோட்ல வெச்சி அஞ்சு செகண்டு தாங்க முடியலைனா நாயவும் நடக்க வெக்கக்கூடாது. எங்களுது கீழ் போர்ஷன், பின்னாடி வராண்டாவுல தொட்டி ஓரமா தரை எப்பவும் ஜில்லுன்னு இருக்கும். அது ஒரு ப்ளஸ். ஓனர் பேப்பர்ல எழுதி கையெழுத்தே போட்டுக் குடுத்தார், நாய் குலைக்குதுன்னு மாடிலருந்து எனக்கு போன் வரக்கூடாதுன்னு மட்டும் சொன்னார்.

சாப்பாட்டு விஷயத்துல நான் நெனச்சதெல்லாம் தப்பு. ஆம்பூர் பிரியாணி எலும்ப நாய்க்குப் போடறதுதானே நம்ம ஊரு வழக்கம், வெந்த எலும்பு குச்சி குச்சியா ஒடைஞ்சி கொடல குத்திடும், கூட இருக்கற வெங்காயம் நாய் ரத்தத்துக்கே ஆகாது. சாக்லேட்டும் கூடாது, பாயசத்துல போடற திராட்சை கூட வெஷம். பாலு குடுத்தா நெறைய நாய்க்கு பேதியாவும். உப்பு காரம் இல்லாம கோழி, சோறு, கொஞ்சம் கேரட்டு, பூசணி, இதான் இப்ப எங்க வீட்ல.

அம்மா செப்டம்பர் கடைசில வாயத் தொறந்தாங்க. ரெண்டு கண்டிஷன். சமையல் ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல தடுப்பு போடணும், தன்னால நாய தொட முடியாது, யாரும் தொடச்சொல்லி வற்புறுத்தக்கூடாது. நாங்க இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கம்பிக் கதவு அடிச்சோம், 1,800 ரூபா ஆச்சு. அக்கா தீபாவளி முடியட்டும்னாங்க, புது எடத்துல வெடிச் சத்தம் கேட்டா மெரண்டு ஓடி தொலைஞ்சிடும், நெறைய நாய் காணாம போறதே அந்த வாரந்தானாம். அதுவும் உடனே தத்து குடுக்கல, மொதல்ல ரெண்டு வாரம் வெச்சிப் பாருங்க, ஒத்து வரலைன்னா நானே வந்து கூட்டினு போறேன்னாங்க. இப்படி ஒரு வழி இருக்குன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நாய் எடுக்க நெனைக்கிற யாரா இருந்தாலும் இத மொதல்ல கேளுங்க.

அவருக்கு நைட் ஷிப்ட் வர வாரமா பாத்து, பகல்ல ஆள் இருக்கற மாதிரி, நவம்பர்ல கூட்டினு வந்தோம். கழுத்துப் பட்டைல ஒரு கயிறு, ஒடம்புல மாட்ற பெல்ட்ல ஒரு கயிறு, ரெண்டு கயிறு. ஒண்ணு நழுவுனாலும் இன்னொண்ணு இருக்கும். மொத மூணு நாள் கட்டிலுக்கு அடியிலயே கெடந்துச்சு. பகல்ல சாப்பிடல, நாங்க தூங்குன அப்புறம் வந்து தின்னுட்டு ஹால்லயே போயி வெச்சிட்டு திரும்ப உள்ள போயிடும். கூப்புடாதீங்க, குனிஞ்சி பாக்காதீங்க, தரைல உக்காந்து உங்க வேலைய பாருங்கன்னு அக்கா சொல்லிருந்தாங்க, நான் தரைல உக்காந்து பேப்பர் திருத்துனேன். நாலாம் நாள் என் வெரல மோந்து பாத்துச்சு.

ஆறாம் நாள் திரும்ப சாப்பிடல. இந்த தடவ ராத்திரியும் தட்டு அப்படியே இருந்துச்சு, ஒடம்பு கொதிக்குது, ஈறு வெளுத்துப்போயிருக்கு. டாக்டர் கிட்ட தூக்கினு போனோம், ரத்த டெஸ்ட்ல தட்டணு (பிளேட்லெட்) கொறைஞ்சிருந்துச்சு, உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை, ராத்திரி சாப்பாட்டோட. அன்னிக்கி மட்டும் 2,600 ரூபா. அக்கா போன் பண்ணி, உங்க மேல தப்பே இல்ல, பழைய உண்ணி கடியா இருக்கும், வேணும்னா நான் வந்து கூட்டினு போறேன்னாங்க. நானும் அவரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கறோம். அவரு கண்லயும் கொஞ்சம் சோர்வு தெரிஞ்சுது, எனக்கும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அப்ப அம்மா தடுப்புக்கு அந்தப் பக்கத்துலருந்து கேட்டாங்க, "இன்னா, எத்தினி நாள் மாத்திரையாம்?"

28 நாள்னேன்.

"அப்ப 28 நாளும் இங்கதான் இருக்கணும். நடுவுல எடம் மாத்துனா எவன் கணக்கு வெச்சிக் குடுப்பான்? எங்கப்பா 14 நாளும் ஒரு நாள் விடாம தூக்கினு போனாரு, அதான் நான் இருக்கேன்."

மறுநாள்லருந்து காலண்டர்ல தெனம் ஒரு பென்சில் கோடு. மாத்திரைய கோழி ஈரல்ல பொதிச்சி அம்மாதான் செஞ்சி வெப்பாங்க, தடுப்பு மேல நீட்டுவாங்க, நான் வாங்கி சிட்டுக்குக் குடுப்பேன். பத்தாவது கோட்டுல சிட்டு நல்லா சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு. 28 முடிஞ்சி திரும்ப ரத்தம் பாத்து, எல்லாம் சரின்னு ஆன அப்புறம் வந்த ஞாயித்துக்கெழம அக்கா வீட்டுக்கு வந்து தத்துப் பேப்பர் நீட்டுனாங்க. என் பேரு, அவரு பேரு எழுதி கையெழுத்து போட்டோம்.

காலு இன்னும் கொஞ்சம் தாங்கித் தாங்கிதான் நடக்குது. அம்மா இன்னும் தொடல, கம்பிக் கதவு இன்னும் சாத்திதான் இருக்கு, மதியம் அம்மா சமையல் ரூம்ல உக்காந்து முருங்கக்கீர ஆயறப்ப சிட்டு கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துனு இருக்குமாம்.