தண்ணீர் வாசல்

ஜூன் 4

அம்மாவின் கண் கட்டைப் பிரிக்கப் பத்து நாள் ஆகுமாம். வேதம் வாசிக்க முடியாதே என்பதுதான் அம்மாவின் கவலை. எஸ்றா புத்தகத்தின் ஆரம்பத்தில் நிறுத்தியிருக்கிறாள். "நீ வாசிடா" என்றாள். நான் அந்தப் புத்தகத்தைத் தொட்டு எத்தனை வருஷம் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 5

இரண்டாம் அதிகாரம் முழுக்கப் பெயர்கள், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய யூதர்களுடையவை. தாண்டலாமா என்றேன், விடவில்லை. 42,360 பேர், 736 குதிரை, 435 ஒட்டகம், 6,720 கழுதை. கழுதை வரைக்கும் எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆலயம் எரிந்தது கி.மு. 586இல், பாரசீக ராஜா கோரேஸ் போகலாம் என்றது 538இல், அப்படியானால் இதில் பெரும்பாலானவர்கள் எருசலேமைப் பார்த்தே இராதவர்கள், பார்க்காத ஊருக்கு "திரும்பி" வருகிறார்கள். வந்ததும் மதில் இல்லை, ஆலயம் இல்லை, சுற்றியிருக்கிற ஜனங்களை நினைத்துப் பயம். அந்தப் பயத்தோடேயே முதலில் பலிபீடத்தைக் கட்டினார்கள்.

ஜூன் 6

அஸ்திபாரம் போட்ட அன்று பழைய ஆலயத்தைக் கண்ட முதியவர்கள் மகா சத்தமாய் அழுதார்கள், மற்றவர்கள் கெம்பீரித்தார்கள், எது அழுகை எது சந்தோஷம் என்று பிரிக்க முடியவில்லை. இங்கே வந்ததும் எனக்குக் குரல் நின்றுவிட்டது. அம்மா காத்திருந்தாள்.

ஜூன் 7

அம்மாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

ஜூன் 9

எஸ்றா 10. இதை வாசிக்காமல் இருந்திருக்கலாம். அடைமழையில் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள், தாங்கள் மணந்திருந்த அந்நிய ஸ்திரீகளையும் அவர்களுக்குப் பிறந்தவர்களையும் அனுப்பிவிடுவதென்று முடிவாகிறது. கடைசி வசனம், அவர்களில் சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது. அதோடு புத்தகமே முடிந்துவிடுகிறது. அம்மா கேட்டாள், "அந்தப் பிள்ளைங்க எங்க போச்சு?"

கொஞ்சப் பேர்தானே அம்மா, தங்கள் பாஷையே போய்விடுமோ, கர்த்தரை மறந்துவிடுவோமோ என்று பயந்திருப்பார்கள், சிறையிருப்புக்குப் போனதே அதனால்தானே என்றெல்லாம் சொன்னேன். அவ்வளவும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றுதான் கேட்டாள். மழையிலா அனுப்பினார்கள்? மனந்திரும்புதலுக்கு இன்னொருவர் விலை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, இதை இங்கே எழுதிவிட்டுப் போகிறேன்.

ஜூன் 10

இடையில் ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகம் வாசித்தோம். கூலியைப் பொத்தல் பையில் போடுகிறவன். அந்த வரியை நான் வாழ்ந்திருக்கிறேன்.

ஜூன் 12

நெகேமியா 8. நெகேமியாவின் தலைமையில் 52 நாளில் எருசலேமின் மதில் முடிந்து, அடுத்த மாதம் முதல் தேதி எல்லாரும் தண்ணீர் வாசலுக்கு முன்னால் கூடுகிறார்கள். வேதபாரகன் எஸ்றா எருசலேமுக்கு வந்து அதற்குள் 13 வருஷம் (458, 445 என்கிற பொதுவான கணக்குப்படி). அவ்வளவு நாளும் மோசேயின் நியாயப்பிரமாணம் அவர் கையில்தான் இருந்திருக்கும். இன்றைக்கு ஜனங்களே வந்து, அந்தப் புஸ்தகத்தைக் கொண்டுவாரும் என்று கேட்கிறார்கள்! அவர்கள் கேட்டதுதான் எனக்கு மதிலைவிடப் பெரிய காரியமாகத் தெரிகிறது. விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரை வாசிக்கிறார், ஆலய ஊழியம் செய்கிற லேவியர் அர்த்தம் சொல்கிறார்கள், புரியப் புரிய எல்லாரும் அழுகிறார்கள். அப்போது, அழாதீர்கள், போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்." இந்த வசனம் எங்கள் வீட்டுக் காலண்டரில் எப்போதும் இருந்தது. அழுதுகொண்டிருந்தவர்களிடம் சொன்னது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளும் வந்து கேட்டு, கூடாரப்பண்டிகை என்று எழுதியிருக்கிறதே என்று கண்டுபிடித்து, மலைக்குப் போய் ஒலிவக்கிளையும் பேரீச்சமட்டையும் கொண்டுவந்து மொட்டைமாடியில் கூடாரம் போடுகிறார்கள். யோசுவாவின் காலத்துக்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லையாம்.

அம்மாவுக்குப் பாயசம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கச் சொன்னாள்.

ஜூன் 13

ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் அம்மாவின் குரல்: "தாவீது ராஜாவோட கொள்ளுப்பாட்டி ரூத்தும் அந்நிய மோவாபியப் பொண்ணுதானேடா." நான் தூங்கவில்லை என்று எப்படித் தெரியும்?

ஜூன் 14

13ஆம் அதிகாரத்தை நான் மட்டும் வாசித்தேன். நெகேமியா பாரசீக ராஜாவிடம் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள், ஜனங்கள் முத்திரை போட்டுக் கொடுத்த வாக்கு ஒவ்வொன்றும் போய்விட்டது. மதில் கட்டுவதை எதிர்த்த தொபியாவுக்கு ஆலயத்திலேயே அறை. பங்கு கிடைக்காமல் லேவியர் வயலுக்கு ஓடிவிட்டார்கள், ஓய்வுநாளில் தீரு பட்டணத்து ஆட்கள் மீன் விற்கிறார்கள். அவர் தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்துவிட்டு, அறையைச் சுத்தம் செய்யச் சொல்கிறார். முதலிலிருந்து மறுபடியும்.

ஜூன் 15

ரிப்போர்ட் வந்துவிட்டது. அம்மா தூங்குகிறாள். எழுந்ததும் முதலில் 13ஆம் அதிகாரம் வாசிப்பேன், அப்புறம்தான் அது.