இன்னும் ஒரு இன்ச் எடுங்க தம்பி

எங்கள் மடிப்பாக்கம் தெருவுக்கு ரோடு கேட்டு மனு கொடுத்தவர்களில் பாதிப் பேர் மகன், மகளோடு வெளிநாடு போய்விட்டார்கள். மனு மட்டும் இங்கேயே கிடந்து ஜெயித்துவிட்டது. போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி: "இன்று இரவு மில்லிங். தெருவில் யாரும் வண்டி நிறுத்த வேண்டாம்." புது ரோடு போடுவதற்கு முன் பழையதைச் சுரண்டி எடுப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

"ஏன், பகல்ல போட்டா தார் ஒட்டாதா?" என்று உடனே ஒருவர் கேட்டார். தார்க்கலவை ஊருக்கு வெளியே பிளான்டிலிருந்து 150 டிகிரி அளவில் கொதிக்கக் கொதிக்கக் கிளம்பும், சூடு ஆறுவதற்குள் கொட்டிப் பரப்பி உருட்ட வேண்டும், பகலில் வேளச்சேரி டிராஃபிக்கில் மாட்டினால் வந்து சேர்வது ஆறிப்போன உப்புமாதான் என்று விளக்கி அனுப்பினேன். கீழ்வீட்டு மாமா கட்டைவிரல் போட்டார். அவர் இரங்கல் செய்திக்கும் அதைத்தான் போடுவார்.

வண்டிகள் எல்லாம் நகர்ந்தன, ஒரு வெள்ளை கார் தவிர. யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேலூரில் 2022-ல் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்து ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் ரோடு போட்ட கதையை ஒருவர் எடுத்துவிட, "அப்படியே இவனுக்கும் போடுங்க, அப்பத்தான் புத்தி வரும்" என்று மூணாவது வீட்டு அண்ணன் பொரிந்து தள்ளினார். சத்தம் கேட்டு அவர் வீட்டிலிருந்தே ஒருவர் சாவியோடு இறங்கி வந்தார். மாப்பிள்ளையாம். சாயங்காலம் மாமனார் தூங்கும்போது வந்திருக்கிறார். அண்ணன் அப்புறம் வானிலை பற்றிப் பேசினார்.

மெஷின் கிளம்பியது. அடியில் உருளை முழுக்கப் பல். அது பழைய ரோட்டைக் கடித்துத் துப்ப, பெல்ட் வழியாக முன்னால் போகும் லாரியில் விழுகிறது. எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. இடையிடையே லாரியின் ரிவர்ஸ் ஹார்ன் வேறு.

எதிர்வீட்டு வக்கீல் சார் போனில் டெசிபல் பார்த்துக்கொண்டே வந்தார். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு என்றார். சரி, இன்றைக்கு வேலை நின்றது என்று நினைத்தேன். அதற்குள் மெஷின் அவர் கேட்டுக்கு வந்துவிட்டது. போனைப் பையில் போட்டுவிட்டு இன்ச் டேப்பை எடுத்தார்.

"தம்பி, இங்க இன்னும் ஒரு இன்ச் எடுங்க."

காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் போன தெரு இது. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டு இப்போது இறங்கிப் போகிறோம். மழைத்தண்ணீரும் கூடவே வருகிறது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டதைத் தெருவே மனப்பாடமாக வைத்திருக்கிறது.

"சார், மொத்தமே நாற்பது மில்லிமீட்டர்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"அது உங்க கணக்கு தம்பி. தண்ணிக்கு மில்லிமீட்டர் தெரியாது."

வக்கீலைப் பார்த்து அடுத்த வீட்டிலும் டேப் வந்தது. இன்னொரு வீட்டில் பள்ளிக்கூட ஸ்கேல். மணி ஒன்றரைக்கு அந்தப் பையன் மெஷினை விட்டுவிட்டு வீடு வீடாக வாசற்படி அளந்துகொண்டிருந்தான். யாரோ சுக்குக் காபி கொடுத்தார்கள், குடிக்கும்போதும் விடவில்லை.

சுரண்டிய ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டி இடுப்பு கழன்ற நாட்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒருவழியாக இன்னொரு ராத்திரி தாரும் வந்தது. காலையில் தெரு கறுகறுவென்று அழகாகத்தான் இருந்தது.

நேற்று சாக்கடை அடைப்பு எடுக்க ஒருவர் கடப்பாரையோடு வந்தார். "மூடி எங்கங்க?" என்றார். புது ரோட்டில் மூடி எதுவும் கண்ணில் படவில்லை. மாமா வேப்பமரத்தடியைக் காட்டினார், அண்ணன் டிரான்ஸ்பார்மரைக் காட்டினார். வக்கீல் சார் டேப் எடுக்க உள்ளே போனார்.