மூன்றரை லட்சத்தில் ஒரு வீடு: கூட நின்று பார்த்ததில் தெரிந்தவை

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது எங்கள் பக்கத்தில் கூரை தப்பிய குடிசைகள் ரொம்பக் குறைவு. தார்ப்பாய் கொடுக்கப் போன நாங்கள் நாலைந்து பேர், அதற்கப்புறம் வீடு கட்டுகிற குடும்பங்களுக்குக் கூடமாட நிற்பதை விடவில்லை. சங்கம், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. நான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. டிப்ளமோ சிவில் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் யாருடைய மனையிலாவது இருப்பேன்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஆணை வாங்கிய ஓர் அக்கா வீட்டுக்கு முதலிலிருந்து கடைசிவரை நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டத் தமிழக அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்த திட்டம் இது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60-க்குத் தீப்பிடிக்காத வேறு ஏதாவது கூரை. பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அடித்தளம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை), தளம் என்று கட்டக் கட்ட, ஓவர்சியர் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகு தவணை தவணையாக வங்கிக் கணக்கில் ஏறும். குடிசையில் இருக்கிறவர் கையில் முதலில் போடக் காசு ஏது? எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தன்னார்வலர் என்றால் செங்கல் தூக்குகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். செங்கல் தூக்கச் சித்தாள் கிடைப்பார்கள். காகிதமும் காசும் வேலையும் வரிசை தவறாமல் நடக்க ஓர் ஆள் வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பட்டா அக்காவின் மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமாகிப் பல வருஷம். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் கையெழுத்து, இ-சேவை மையம், வி.ஏ.ஓ. என்று வழக்கமான சுற்று. வங்கியில் பழைய கணக்கு முடங்கிக் கிடந்தது. இதைக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தவணை வந்து திரும்பிப் போனால் பிடிப்பது பெரும்பாடு.

முதல் தவணை வரும்வரைக்கான காசுக்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தோம். செங்கல் காளவாய்க்காரரிடம் ஆணையைக் காட்டி, லிண்டல் பணம் வந்ததும் தருகிறோம் என்று பேசினேன். அவர் ஆணையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "ஒங்கப்பா மேல உள்ள நம்பிக்கைக்குத் தர்றேன்" என்றார். அப்பா வாங்கி வைத்த பெயர் இப்படியெல்லாம் உதவுகிறது. கந்துவட்டி பக்கம் மட்டும் போகவேண்டாம் என்று அக்காவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

பெரிய சண்டை நடந்தது அளவு விஷயத்தில். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நூல் கட்டும் நாளன்று வந்தவன், "கட்டுறதே ஒரு தடவை, ஹாலைப் பெருசா போட்டு 550 சதுர அடியாக் கட்டிடலாம்ணே" என்றான். ஆசை நியாயமானதுதான். ஆனால் எங்கள் ஊரிலேயே அப்படி இழுத்துக் கட்டி, லிண்டலோடு நின்றுபோய், சுவருக்குள் செடி முளைத்துக் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. பரப்பு கூடினால் அரசுப் பணம் கூடாது. கடன்தான் கூடும். தளம் போட முடியாதவர்கள் பக்கத்திலேயே பழைய குடிசையில் இருந்துகொண்டு வட்டி கட்டுகிறார்கள். நான் அவனிடம் வாதாடவில்லை. ஒரு தாளில் கூடுதல் பரப்புக்குக் கம்பி, சிமென்ட், செங்கல், கூலி எல்லாம் எழுதி, அவன் மாதச் சம்பளத்தைக் கீழே எழுதிக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அக்காவே முளைக்குச்சியைப் பழைய இடத்தில் அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஓர் அறை சேர்க்க வசதியாகக் கிழக்குச் சுவரில் ஒரு திறப்புக்கு மேல் லிண்டலை ஓட்டிவிட்டு, திறப்பைச் செங்கல்லால் அடைத்தோம். வேண்டும்போது இடித்துக்கொள்ளலாம்.

எனக்குத் தூக்கம் கெட்டது தண்ணீரால். கடலோரத்தில் பழைய தொகுப்பு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தளத்தின் அடிப்பூச்சு பாளம் பாளமாக விழுந்து, கம்பி துருவேறி உப்பி வெளியே தெரியும். சிமென்ட் திருடிவிட்டார்கள் என்பார்கள். திருட்டும் இருக்கலாம். ஆனால் உப்புத் தண்ணீரில் கலவை போட்டாலே இந்தக் கதி வரும். உப்பு கம்பியைத் தின்னும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அக்கா வீட்டுக் கைப்பம்புத் தண்ணீரை நாக்கில் வைத்தாலே கரித்தது. கலவைக்கும், போட்ட கான்கிரீட்டை நனைத்து வைக்கிற கியூரிங்குக்கும் குளத்துத் தண்ணீர்தான் என்று முடிவு செய்து, டிராக்டர் டேங்கருக்குத் தனியாகக் காசு ஒதுக்கினோம். ஜன்னல் கதவு விலையைக் குறைத்தாலும் இதைக் குறைக்க விடவில்லை.

அடுத்தது கவர் பிளாக், அதாவது கம்பிக்கு அடியில் வைக்கிற சின்னச் சிமென்ட் கட்டை. கம்பிக்கும், கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்குகிற சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் கம்பியைக் கான்கிரீட் முழுசாக மூடும். மேஸ்திரி வழக்கப்படி ஜல்லிக் கல்லை அண்டை கொடுக்கப் பார்த்தார். கல் நகரும், கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். "நாப்பது வருஷமா இப்படித்தான் தம்பி போடுறோம்" என்றார். பக்கத்துத் தெருத் தொகுப்பு வீட்டுக்குள் கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொன்னேன். அது அவர் போட்ட தளம் இல்லை, அதனால் கோபித்துக்கொள்ளவில்லை. பாலிதீன் விரிப்பில் சிமென்ட் சாந்தை ஓர் அங்குல கனத்துக்குப் பரப்பி, கரணையால் சிறுசிறு கட்டமாக அறுத்து, ஒவ்வொன்றிலும் கட்டுக்கம்பித் துண்டு செருகி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டோம். அக்காவும் அவர் மகளும் ஒரு மாலையில் வீட்டுக்குத் தேவையானதைச் செய்துவிட்டார்கள். கடையில் வாங்கினாலும் பெரிய விலை இல்லை. ஆனால் தானே செய்ததால் தளம் போடும் அன்று எந்தக் கம்பிக்கு அடியில் கட்டை இல்லை என்று அந்தச் சின்னப் பெண்தான் குனிந்து குனிந்து பார்த்தாள்.

தையில் கடைக்கால் தோண்டியதால் மழைக்கு முன்பே தளம் முடிந்தது. ஐப்பசியில் தளத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். கலவையில் தண்ணீர் கூடினால் கொட்டுவது சுலபம், பலம் போய்விடும். மிஷினுக்குப் பக்கத்தில் வாளிக் கணக்குப் பார்க்க எங்களில் ஒருவர் நின்றார். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினோம். தவணைப் பணம் வரத் தாமதமான நாட்களிலும் அக்கா அந்தப் பாத்தியை வறளவிடவில்லை.

கழிப்பறை, பூச்சு, மின் இணைப்பு முடிந்து கடைசித் தவணையும் வந்துவிட்டது. மகளிர் குழுக் கடன் மட்டும் பாக்கி.

இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டெல்டாவில் நிறையக் குடிசைகள் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் நிற்கின்றன. மனைவாடகை கட்டுவார்கள், பட்டா கிடையாது. பட்டா இல்லையென்றால் ஆணை இல்லை. அக்கா தெருவுக்கு அடுத்த வரிசை முழுக்க அப்படித்தான். புறம்போக்கிலாவது மாற்று மனை கேட்டுக் கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை அவர்களுக்கு மழைக்கு முன்னால் கீற்று மாற்றி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டிக் கொடுப்பதுதான் எங்களால் முடிகிறது. புரட்டாசியில் வேலை ஆரம்பிக்கும். கீற்று முடையத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் நல்லது, எங்களில் இரண்டு பேருக்குத்தான் அது வரும்.