விண்டோஸ், மேக், லினக்ஸ்: வாங்கிய அன்றே எதைச் செய்ய முடிகிறது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுற்றது முதல், பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டு வருகிறார்கள்: பழைய மடிக்கணினியை என்ன செய்வது, புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்குவது? விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரையும் கேட்கிறது. அதனால் 2016 வாக்கில் வாங்கி இன்றும் சுணங்காமல் ஓடும் கணினிகள் ஒதுக்கப்பட்டுவிட்டன. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ள வழியுண்டு என்றாலும், அது தவணை வாங்குவதே தவிரத் தீர்வாகாது. இத்தகைய ஒப்பீடுகள் பெரும்பாலும் வேகத்தையும் திரையின் அழகையும் பேசுகின்றன. நான் வேறொன்றைப் பார்க்கிறேன்: பெட்டியைப் பிரித்த அன்றே, தனியாகப் பணம் கட்டாமல், தமிழில் ஒரு மனுவைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, பிடிஎஃப் ஆக்கி அனுப்ப முடிகிறதா?

விண்டோஸைப் பொறுத்தவரை, உடன்வரும் மென்பொருள்களின் கதை பெருக்கத்தில் தொடங்கித் தேய்மானத்தில் வந்து நிற்கிறது. பெயிண்ட் 1985-இல் முதல் விண்டோஸோடு வந்தது; சாலிட்டேர் 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்தது, எளிய ஆவணங்களை எழுதவும் திறக்கவும் உதவும் வேர்ட்பேட் விண்டோஸ் 95-உடன் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை இயங்குதளத்தோடு பிணைத்ததற்காக 1998-இல் அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது. மீடியா பிளேயரைச் சேர்த்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2004-இல் அபராதம் விதித்தது. அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கிறார்கள் என்பதே அன்றைய குற்றச்சாட்டு. இன்றோ விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து வேர்ட்பேட் நீக்கப்பட்டுவிட்டது. சாலிட்டேரில் விளம்பரம் ஓடுகிறது. விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா கட்ட வேண்டும். இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் 5 ஜிபி இலவச இடத்தைத் தந்துவிட்டு, அது நிறைந்ததும் மேலும் வாங்கச் சொல்கிறது. ஹோம் பதிப்பை முதன்முறை அமைக்கும்போதே இணையத் தொடர்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கப்படுகின்றன. எட்ஜ் உலாவியை முழுமையாக நீக்கிக்கொள்ளும் உரிமை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்குச் சட்டத்தின் வழியாகக் கிடைத்திருக்கிறது. அந்தச் சலுகை தாமிரபரணிக் கரைவரை வந்து சேரவில்லை.

விண்டோஸுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. டிஃபெண்டர் என்னும் வைரஸ் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும். ஆயினும் கணினி தயாரிப்பாளர்கள் அதன் மேல் வேறொரு தடுப்பு மென்பொருளின் சோதனைப் பதிப்பை ஏற்றி அனுப்புகிறார்கள். சில வாரங்கள் கழித்து அது "காலாவதியாகிவிட்டது, பணம் கட்டு" என்று திரையின் மூலையில் நச்சரிக்கத் தொடங்கும். அதைப் பார்த்துப் பதறிப் பணம் கட்டியவர்களை நான் அறிவேன். அதை நீக்கினாலே போதும், டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

ஆனால் அலுவலகக் கோப்புக்கு விடை இல்லை. வேர்ட்பேட் போன பிறகு, வேர்டு கோப்பைத் திறப்பதற்கென்று விண்டோஸ் தன் கையிருப்பாக எதையும் தருவதில்லை. சந்தா கட்டு, அல்லது கணக்குத் தொடங்கி உலாவியின் வழியே இணையத்தில் திருத்திக்கொள் என்கிறது. வேர்டைப் படைத்த நிறுவனத்தின் இயங்குதளத்தில் இந்த நிலை என்றால், போட்டி நிறுவனத்தின் மேக்கில் குறிப்பெழுத மட்டுமே என்று தோன்றும் டெக்ஸ்ட்எடிட் கூட அதே கோப்பைத் திறந்துவிடுகிறது. இந்த வெற்றிடத்தை நம் ஊரில் நிரப்புவது கள்ளப் பதிப்பு. "அண்ணாச்சி, ஆபீஸ் போட்டுத்தான தருவீங்க?" என்று கேட்காமல் யாரும் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதில்லை, அப்படிப் போடப்படுவதில் பெரும்பகுதி உரிமம் இல்லாதது. அந்தப் பூட்டுடைப்புக் கோப்பை ஓட்டுவதற்காக டிஃபெண்டரை அணைத்து வைப்பதும் வழக்கமாகிவிட்டது.

தமிழ்த் தட்டச்சில் மூன்று இயங்குதளங்களும் வேறுபடும் விதம் சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99 விசைப்பலகையில், "பாளையங்கோட்டை" என்று எழுத ப, ஆ, ள, ஐ, ய, ங, க, ஓ, ட, ட, ஐ என்று தட்டினால் போதும். ஙகரத்துக்குப் பின் ககரம் வந்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும். டகரம் இரட்டித்தாலும் அப்படியே. புள்ளி விசையைத் தொடவே வேண்டியதில்லை. மேக்கில் இந்த விசைப்பலகையும், தமிழொலியை ஆங்கில எழுத்தில் தட்டும், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறையும் நெடுங்காலமாக உள்ளேயே இருக்கின்றன; அமைப்புகளில் மொழியைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் 11-இலும் இவ்விரண்டும் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் மாற்றித் தரும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல் கிடைக்கிறது. இது தெரியாமல் எங்கெங்கிருந்தோ தட்டச்சு மென்பொருளை இறக்கிப் போட்டுக்கொள்பவர்களே இன்னும் அதிகம்.

இலவச இயங்குதளமான லினக்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்ற பெயர் தென்பட்டதும் பலர் அதையே தேர்ந்தெடுத்துவிட்டு, எழுத்து சரியாக வரவில்லை என்று கைவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள தமிழ்99 விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் மட்டுமே இயங்குவது. முந்தைய எழுத்தைப் பார்த்துப் புள்ளியிடும் விதிகள் அதற்குத் தெரியா. ஐபஸ்-எம்17என் என்னும் தொகுதியை நிறுவி, அதன் வழியாகத் தமிழ்99-ஐச் சேர்த்தால்தான் விதிகள் வேலை செய்யும். அதே தொகுதியில் பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பும் இருக்கிறது. லோயர், ஹையர் என்று அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதி விரல் பழகியவர்களுக்கு இது பெரிய காரியம். விண்டோஸில் உடன்வரும் விசைப்பலகைகளில் அது கிடையாது என்பதால்தான் அவர்கள் அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்களை நாட வேண்டியிருக்கிறது.

உடன்வரும் மென்பொருள்களின் தரத்தில் மேக்கை மிஞ்ச ஆளில்லை என்பதே என் கருத்து. படங்களையும் பிடிஎஃப் கோப்புகளையும் திறக்கும் பிரிவியூ ஒன்றே போதும் சாட்சிக்கு. இரண்டு பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து, ஒன்றின் பக்கச் சிறுபடங்களை இழுத்து மற்றொன்றில் விட்டால் இரண்டும் இணைந்துவிடும். வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தைக் கேமராவில் காட்டினால் அதைச் சேமித்துக்கொண்டு படிவத்தில் ஒட்டிக்கொள்ள விடும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும் விஷயம் புகைப்படத்தை இத்தனை கேபிக்குள் சுருக்குவது. பிரிவியூவில் ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்யும்போது தர அளவை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு கீழேயே தெரியும். பெயிண்டில் விழுக்காட்டைக் குறைத்துச் சேமித்து, அளவைப் பார்த்து, மறுபடி குறைத்துச் சேமிக்க வேண்டும். ஆனால் 2025 மார்ச்சில் வெளிவந்த மேக்புக் ஏரின் தொடக்க விலை 99,900 ரூபாயாக இருந்தது. இதற்கு மேல் மேக்கைப் பற்றி எழுதினாலும் வாங்கப்போகிறவர் சிலரே.

எஞ்சியிருப்பது லினக்ஸ். நான் பழைய கணினிகளுக்குப் பரிந்துரைப்பது அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். அலுவலகக் கோப்புகளுக்கு லிப்ரேஆபீஸ், உலாவ ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, பிடிஎஃப் படிக்க எக்ஸ்ரீடர் எல்லாம் நிறுவியவுடனே தயாராக இருக்கும். ஒன்றுகூடச் சோதனைப் பதிப்பு அல்ல. 2024-இல் வந்த 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறையும் சொல்ல வேண்டும். வேர்டில் லதா எழுத்துருவில் அமைத்த கோப்பை லிப்ரேஆபீஸில் திறந்தால், லதா இல்லாததால் வேறொரு தமிழ் எழுத்துரு அந்த இடத்தில் அமரும். அதன் அகலம் வேறு என்பதால் வரிகள் முறிந்து, இரண்டு பக்க மனு மூன்றாம் பக்கத்தில் ஒற்றைக் கையொப்பத்தோடு நிற்கும். கோப்பைக் கொடுப்பவரிடமே பிடிஎஃப் ஆகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஜங்ஷன் பக்கத்திலும் டவுனிலும் இருக்கும் டிடிபி கடைக்காரர்களிடம் இதையெல்லாம் நான் பேசுவதில்லை. அவர்களுடைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் 2001-இல் கடைசிப் பதிப்பு வந்த பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. கணக்கோ டாலியில் ஓடுகிறது. அவர்களுக்கு விண்டோஸ்தான், வேறு பேச்சில்லை.

மற்றவர்கள் மின்ட்டை நிறுவும் முன்பு பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிடலாம்; உள்ளிருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டாயம் பிரிண்டரை இணைத்து ஒரு தமிழ்ப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கான இயக்கி உள்ளேயே இருக்கும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் சில பழைய லேசர் மாதிரிகளோ லினக்ஸில் எளிதில் மசிவதில்லை. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால், பிரிண்டரை மாற்றும் எண்ணம் வரும்வரை மின்ட்டைத் தள்ளிப்போடுங்கள்.